ராபர்ட் பேர்ட்: 51 வருஷம் செனட்டில் இருந்தவரை எந்தக் கணக்கில் வைப்பது?

ஆழ்கிணறு கேட்டது:

அமெரிக்க செனட்டில் அதிக காலம் இருந்தவர் யார் என்று சும்மா பார்க்கப் போய் ராபர்ட் பேர்டிடம் மாட்டிக்கொண்டேன். மேற்கு வர்ஜீனியா, ஜனநாயகக் கட்சி. 1959 ஜனவரியில் செனட்டர் ஆனவர், 2010 ஜூன் 28 அன்று 92 வயதில் இறக்கும்போதும் செனட்டர்தான். அதற்கு முன் ஆறு வருஷம் பிரதிநிதிகள் சபை வேறு. ஐசனோவர் ஜனாதிபதியான அதே மாதம் வாஷிங்டனுக்கு வந்தவர், ஒபாமா காலம்வரை நகரவே இல்லை.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. 1940களில் கறுப்பினத்தவருக்கு எதிரான வெள்ளையின வெறி அமைப்பான கு கிளக்ஸ் க்ளானில் இருந்திருக்கிறார், அதுவும் சும்மா பெயர் கொடுத்தவர் இல்லை, ஆள் சேர்த்து உள்ளூர்க் கிளைக்குத் தலைவராகவே இருந்தவர். 1964இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமைச் சட்டத்தைத் தடுக்க விடிய விடியப் பேசியிருக்கிறார் (செனட்டில் பேச்சு முடியாமல் ஓட்டெடுப்புக்குப் போக முடியாது). அப்புறம் அதே ஆள் இறந்தபோது கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. இரங்கல் தெரிவிக்கிறது, நாட்டின் முதல் கறுப்பின ஜனாதிபதி நினைவுக் கூட்டத்தில் நின்று பேசுகிறார். இணையத்தில் இவரைப் பற்றி எழுதுபவர்களில் பாதிப் பேர் திருந்திய மகான் என்கிறார்கள், மீதிப் பேர் கடைசிவரை க்ளான்காரர்தான் என்கிறார்கள். இன்னொரு கூட்டம் இது எதையும் பேசாமல், அரசுப் பணத்தைச் சொந்த மாநிலத்துக்கு அள்ளிக்கொண்டு போனவர் என்று மட்டும் சொல்கிறது.

இவரை எடைபோட எதை முதலில் பார்க்க வேண்டும்? ‘எல்லாமும் கலந்த மனிதர்’ என்ற பதில் வேண்டாம், அது எனக்கே தெரியும்.

நெட்டைக்கோடு:

திருந்தினாரா என்று கேட்பதற்கு முன் வருஷங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. 1952இல் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் நின்றபோது க்ளான் விவகாரம் கிளம்பியது. ஏதோ ஒரு வருஷம் இருந்தேன், ஆர்வம் போய்விட்டது, விலகிவிட்டேன் என்றார். ஆனால் 1946இல் அந்த அமைப்பின் தேசியத் தலைவருக்கு, நாட்டுக்கு முன்னெப்போதையும்விட இப்போதுதான் க்ளான் தேவை என்று இவரே எழுதிய கடிதம் இருக்கிறது. அதனால் ‘இளவயதுத் தவறு’ என்று சொல்லும்போது அது எத்தனை வருஷம் நீண்ட தவறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1964இல் சட்டத்துக்கு எதிராக 14 மணி 13 நிமிடம் பேசினார். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு எதிர் ஓட்டு. 1967இல் தர்குட் மார்ஷல் முதல் கறுப்பின நீதிபதியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போகக்கூடாது என்று ஓட்டு. அடுத்த வருஷமே, 1968இல், வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்கு ஆதரவு! இது எப்படி நடந்தது? எனக்குத் தோன்றுவது இதுதான்: 1967இல் அவர் செனட்டில் ஜனநாயகக் கட்சிக் குழுவின் செயலாளர் ஆகியிருந்தார், அடுத்த படி கொறடா, அதற்கடுத்து தலைவர். வடமாநில தாராளவாதிகளின் ஓட்டு இல்லாமல் அந்தப் படிகளில் ஏற முடியாது. 1971இல் ஜனாதிபதி கென்னடியின் தம்பி டெட் கென்னடியையே 31க்கு 24 என்று தோற்கடித்துக் கொறடா ஆனார். மனசு மாறியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மனசு மாறிய தேதியும் பதவி உயர்ந்த தேதியும் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

2001இல்கூட ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லை வெள்ளைக்காரர் சிலரைக் குறிக்க இரண்டு முறை பயன்படுத்தி, பிறகு மன்னிப்புக் கேட்டார். அப்போது வயது 83.

மழைக்கணக்கு:

நெட்டைக்கோடு சொன்ன வரிசையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 1982இல் பேரன் ஒருவர் விபத்தில் இறந்தார். அந்தத் துக்கத்தில்தான், கறுப்பினப் பெற்றோரும் தன்னைப் போலத்தானே பிள்ளைகளை நேசிப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். 64 வயதில் வரவேண்டிய ஞானமா இது என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் 1983இல் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்க ஆதரவாக ஓட்டுப் போட்டபோது அவர் ஏற்கெனவே கட்சித் தலைவர், அதற்குமேல் ஏறப் படி எதுவும் இல்லை. சொந்த மாநிலத்திலும் அதனால் ஓட்டுக் கூடியிருக்காது.

2008ஐயும் பாருங்கள். ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்வுசெய்யும் மேற்கு வர்ஜீனியா முதல்நிலைத் தேர்தலில் ஹிலாரி கிளின்டன் ஒபாமாவை நாற்பது சதவீதத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் நசுக்கினார். அது முடிந்து ஒரு வாரத்துக்குள் பேர்ட் ஒபாமாவுக்கு ஆதரவு அறிவித்தார். அதில் அவருக்கு என்ன லாபம்? 90 வயது, ஒன்பதாவது முறையாக ஜெயித்து உட்கார்ந்திருக்கிறார், மாநிலத்து ஜனநாயகக் கட்சியினர் எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் மன்னிக்கச் சொல்லவில்லை. பதவிக்காக மாறினார் என்ற விளக்கம் 1971வரை பொருந்துகிறது, அதற்குப் பிறகு பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பக்க எண்:

நீங்கள் இருவரும் அவருடைய மனசுக்குள் போய்ப் பார்க்கிறீர்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. ஒரு செனட்டர் விட்டுப்போவது அவர் மனசை அல்ல, விதிகளை. பேர்ட் விஷயத்தில் இது அப்பட்டமான உண்மை, ஏனென்றால் இன்றைக்கும் வாஷிங்டனில் பெரிய மசோதா எது வந்தாலும் அவருடைய பெயர் அடிபடுகிறது.

முதலில் 1964ஐயே எடுங்கள். அவர் 14 மணி நேரம் பேசியதால்தான் சட்டம் தாமதமானது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. தென்மாநில செனட்டர்கள் முறை வைத்து வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நீண்ட விவாதத்தின் கடைசிப் பேச்சுதான் பேர்டுடையது. ஜூன் 9 மாலை எழுந்தவர் மறுநாள் காலை பத்து மணிக்குச் சற்று முன்புதான் உட்கார்ந்தார். அவர் முடித்துக் கொஞ்ச நேரத்தில் விவாதத்தை முடிக்கும் தீர்மானம் 71க்கு 29 என்று நிறைவேறியது. சிவில் உரிமை மசோதா ஒன்றுக்கு அந்தத் தீர்மானம் ஜெயித்தது அதுவே முதல் முறை. ஆக, தடுப்பில் அவர் தோற்றார். ஆனால் விதி தெரிந்த ஒரு சிறுபான்மை எவ்வளவு காலம் இழுக்க முடியும் என்பதை உள்ளிருந்து பார்த்தவர் அவர். பிற்பாடு பெரும்பான்மைக் கட்சித் தலைவரானபோது அந்தப் படிப்பை மறுபக்கத்திலிருந்து பயன்படுத்தினார்.

1977இல் இயற்கை எரிவாயு விலை மசோதா. அவருடைய கட்சிக்காரர்களே, மெட்ஸன்பாமும் அபுரெஸ்கும், விவாத முடிப்புத் தீர்மானம் நிறைவேறிய பிறகும் நூற்றுக்கணக்கான திருத்தங்களைப் போட்டு இழுத்தார்கள். பேர்ட், செனட்டுக்குத் தலைமை தாங்கும் துணை ஜனாதிபதி மான்டேலோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக ‘விதிக்குப் புறம்பு’ என்று சபைத் தலைவர் இருக்கையிலிருந்தே தள்ள வைத்தார். யாரும் மேல்முறையீடு செய்ய எழுவதற்குள் அடுத்தது, அடுத்தது. சபையே கொதித்தது. இழுத்தடிப்பை உடைக்க அவர் காட்டிய இந்த வழிதான் பின்னாளில் 2013இலும் 2017இலும் நியமனங்களுக்கு 60 ஓட்டு வேண்டும் என்ற தடையை உடைத்தவர்கள் நடந்த வழிக்கு மூதாதை என்று நான் சொல்வேன். ஆனால் 2005இல் குடியரசுக் கட்சி அதையே நீதிபதி நியமனங்களில் செய்யப் பார்த்தபோது, அதைத் தடுத்து சமரசம் செய்த 14 பேரில் பேர்டும் ஒருவர். தான் செய்தால் நிர்வாகம், பிறர் செய்தால் அராஜகம்!

அப்புறம் பேர்ட் விதி. செனட்டில் சாதாரண மசோதா நகர 60 ஓட்டு வேண்டும். பட்ஜெட் சமரச மசோதாவுக்கு (வரவு செலவுச் சட்டங்களை பட்ஜெட் இலக்குக்கு ஏற்ப மாற்றும் மசோதா) மட்டும் 20 மணி நேர விவாத வரம்பு உண்டு, சாதாரணப் பெரும்பான்மை போதும். 1974 சட்டம் தந்த வசதி அது. வசதி என்று ஒன்று இருந்தால் எல்லோரும் தங்களுக்கு வேண்டியதை அதில் ஏற்றத்தானே பார்ப்பார்கள்? 1980களின் ஆரம்பத்தில் அதுதான் நடந்தது. 1985இல் பேர்ட் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார், 1990இல் அது நிரந்தரமானது. வரவு செலவைத் தொடாத அம்சம் எதுவும் அந்த மசோதாவில் இருக்கக்கூடாது, பண விளைவு பெயரளவுக்கு மட்டும் இருந்தாலும் கூடாது, சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடக்கூடாது, பட்ஜெட் காலம் முடிந்தபிறகு பற்றாக்குறையைக் கூட்டக்கூடாது. மீறினால் ஒரே ஒரு செனட்டர் எழுந்து ஆட்சேபித்தால் போதும், அந்தப் பகுதியைக் காப்பாற்ற 60 ஓட்டு வேண்டும்.

இதன் விளைவுகளைப் பாருங்கள். புஷ்ஷின் 2001 வரிக்குறைப்பு பத்து வருஷத்தில் காலாவதியாகும்படி எழுதப்பட்டதற்குக் காரணம் இந்த விதி. 2021இல் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலியை பைடனின் நிவாரண மசோதாவிலிருந்து வெளியே எடுக்க வைத்ததும் இதுதான், சபையின் விதி ஆலோசகர் எலிசபெத் மெக்டோனோ செல்லாது என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 1993. கிளின்டன் தம்பதி மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை இந்த வழியில் நுழைக்கக் கேட்டபோது பேர்ட் முடியாது என்றுவிட்டார். சொந்தக் கட்சி ஜனாதிபதி, கட்சியின் பெரிய கனவு. இவ்வளவு பெரிய விஷயத்தை 20 மணி நேரத்தில் பேசி முடிப்பதா என்பது அவர் வாதம். அந்தத் திட்டம் அடுத்த வருஷம் செத்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, இருந்தாலும் சொந்தக் கட்சியையே விதியைக் காட்டித் திருப்பி அனுப்பியவர் என்பதால்தான் அவருடைய விதிப்பற்று முழுக்க நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கரித்துண்டு:

பக்க எண், விதி எல்லாம் சரி. ஆனால் ஒரு மனுஷனை ஒன்பது முறை திரும்பத் திரும்ப அனுப்பினார்களே அந்த ஜனங்கள், அவர்கள் விதிக்காகவா ஓட்டுப் போட்டார்கள்? 1976இல் எதிர்த்து நிற்கவே ஆள் இல்லை.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பாருங்கள். பிறந்தது வட கரோலினா. 1918 ஃப்ளூவில் தாய் இறந்துபோக, மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் அத்தை வீட்டில் வளர்ந்தார், பேர்ட் என்ற பெயரே அந்த வளர்ப்புக் குடும்பத்தின் பெயர்தான். பெட்ரோல் பங்க், இறைச்சிக் கடை, போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங். கல்லூரிப் பட்டம் இல்லாமலே காங்கிரஸுக்கு வந்து, பதவியில் இருந்துகொண்டே இரவு வகுப்பில் சட்டம் படித்து முடித்தார். 1963 ஜூன் 10 அன்று அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் அவர் பட்டம் வாங்கிய விழாவில் பேசியது ஜனாதிபதி கென்னடி. (சரியாக ஒரு வருஷம் கழித்து அதே ஜூன் 10 காலையில்தான் இவர் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்துப் பேசி முடித்து உட்கார்ந்தார். சட்டப்படிப்பு எதற்குப் பயன்பட்டது பாருங்கள்.)

1989இல் பெரும்பான்மைத் தலைவர் பதவியை விட்டுவிட்டு நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர் ஆனார். வெளியிலிருந்து பார்த்தால் இறங்கியதுபோல் இருக்கும், உண்மையில் பணம் இருக்கும் அறைக்குள் போனார். ஐந்து வருஷத்தில் நூறு கோடி டாலர் மாநிலத்துக்குக் கொண்டுவருவேன் என்றார், கெடுவுக்கு முன்பே எட்டினார். எஃப்.பி.ஐ.யின் கைரேகைப் பிரிவு வாஷிங்டனிலிருந்து கிளார்க்ஸ்பர்குக்கு வந்தது. கடலே இல்லாத மாநிலத்தில் கடலோரக் காவல்படையின் கணினி மையம் வந்தது! சி.ஐ.ஏ.வின் ஒரு பகுதியையும் இழுக்கப் பார்த்தார், அது நடக்கவில்லை. கிரீன் பேங்கில் 1988 நவம்பரில் பழைய ரேடியோ தொலைநோக்கி ஒரு ராத்திரியில் தானாக இடிந்து விழுந்தது, பதிலுக்கு 2000த்தில் 100 மீட்டர் அகலத்தில் ஒன்று எழுந்தது. எந்தத் திசைக்கும் திருப்பக்கூடிய ரேடியோ தொலைநோக்கிகளில் உலகத்திலேயே பெரியது. பெயரும் அவர் பெயர்தான். பாலம், நெடுஞ்சாலை, மருத்துவ மையம், நீதிமன்றம் என்று எங்கு திரும்பினாலும் அவர் பெயர்.

வீண்செலவு என்று வாஷிங்டனில் சிரித்தார்கள். நூறு வருஷமாக அந்த மலைகளிலிருந்து கரியை வெட்டி எடுத்துக்கொண்டு போனவர்கள் என்ன விட்டுப்போனார்கள்? கறுப்பு நுரையீரல் நோயைத்தான். சாலை போட்டுக் கொடுத்தவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

நெட்டைக்கோடு:

கரித்துண்டு, சாலைகள் வந்தன, ஒத்துக்கொள்கிறேன். ஆட்கள் வந்தார்களா? 1950இல் இருபது லட்சம் பேர் இருந்த மாநிலம், 2020இல் பதினெட்டு லட்சத்துக்கும் கீழே. பேர்ட் முதன்முதலில் பிரதிநிதிகள் சபைக்குப் போனபோது அந்த மாநிலத்துக்கு ஆறு இடங்கள், இப்போது இரண்டு. மத்திய அரசு அலுவலகங்களை இடம் மாற்றியதால் கிளார்க்ஸ்பர்க் பிழைத்திருக்கலாம், தெற்கே உள்ள சுரங்க மாவட்டங்கள் பிழைக்கவில்லை. ஏழ்மையில் கடைசிப் பந்தியில்தான் இன்றும் இருக்கிறது. அத்தனை அதிகாரம் அத்தனை வருஷம் ஒரே ஆளிடம் இருந்தும் இதுதான் விளைவு என்றால், அந்த வழிமுறையிலேயே கோளாறு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கரித்துண்டு:

அது அவர் இல்லாவிட்டால் எப்படி இருந்திருக்கும் என்று தெரியாத கணக்கு. ஆனால் ஒன்று சொல்கிறேன், கரிக்கு முடிவு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1990 காற்று மாசுச் சட்டத் திருத்தத்தில் வேலை இழக்கும் சுரங்கத் தொழிலாளருக்கு உதவித்தொகை கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார், ஒரே ஓட்டில் தோற்றது. 1997இல் பருவநிலை மாற்றத்துக்கான கியோட்டோ ஒப்பந்தத்துக்கு எதிராக அவரும் செனட்டர் ஹேகலும் கொண்டுவந்த தீர்மானம் 95க்கு 0, அது கரிக்காரர்களுக்காக. ஆனால் 2009 டிசம்பரில், சாவதற்கு ஆறேழு மாதம் முன்பு, காலம் மாறுகிறது, பயமுறுத்திக்கொண்டிருக்காமல் மாற்றத்துக்குத் தயாராகுங்கள் என்று கரித்துறைக்கு வெளிப்படையாக எழுதினார். அந்த மாநிலத்தில் அதைச் சொல்லத் தைரியம் வேண்டும். ரொம்பத் தாமதமாகச் சொன்னார் என்றால், ஆமாம்.

ஆழ்கிணறு:

எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. பக்க எண் சொன்னதைப் படித்தபின் ஒரு கேள்வி. விதிகளை இவ்வளவு மதித்தவர் என்றால், ஜனாதிபதிகளோடு மோதியதும் இதே காரணத்துக்காகத்தானா? இராக் போரை எதிர்த்துப் பேசியதுதான் என் வயதுக்காரர்களுக்கு அவரைப் பற்றிய ஒரே ஞாபகம்.

பக்க எண்:

அதேதான். அவர் மனசில் செனட் ஜனாதிபதிக்குக் கீழே இல்லை, சமமாக நிற்கிறது. சட்டைப்பையில் அரசியல் சாசனத்தின் சின்னப் பிரதியை வைத்துக்கொண்டு திரிந்து எடுத்து எடுத்துக் காட்டுவார், பார்க்கக் கொஞ்சம் நாடகமாகத்தான் இருக்கும். ஆனால் 1964இல் டோங்கின் வளைகுடாத் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டு வியட்நாமுக்கு வெற்றுக்காசோலை கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 2002 அக்டோபரில் இராக் தீர்மானம் 77க்கு 23 என்று நிறைவேறியபோது அந்த 23இல் இருந்தார், டோங்கினை ஞாபகப்படுத்தியே வாதாடினார். 2003 பிப்ரவரியில், போர் வாசலில் நிற்கும்போது செனட் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறதே என்று சபையைக் கடிந்தார். கட்சியின் இளையவர்கள் பலர் பதுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. தனித்தனிச் செலவினங்களை ஜனாதிபதி வெட்டலாம் என்ற 1996 சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனதும் இதே காரணத்தால்தான். வழக்குப் போட உங்களுக்குத் தகுதியில்லை என்று 1997இல் திருப்பி அனுப்பினார்கள், அடுத்த வருஷம் வேறு வழக்கில் அந்தச் சட்டமே விழுந்தது. செலவு செய்யும் அதிகாரம் காங்கிரஸிடம் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு மாநில லாபமும் இருந்தது என்று கரித்துண்டின் பதிலைப் படித்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கொசுறாக ஒன்று. 1988 பிப்ரவரியில் தேர்தல் நிதிச் சீர்திருத்த மசோதாவில் குடியரசுக் கட்சியினர் கோரம் (சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) சேரவிடாமல் ஓடி ஒளிந்தபோது, வராதவர்களைப் பிடித்துவரும்படி பேர்ட் சபைக் காவலர்களை அனுப்பினார். ஒரிகன் செனட்டர் பேக்வுட்டை அவர் அறையில் கண்டுபிடித்து, நள்ளிரவுக்கு மேல் கால் முன்னால் போகத் தூக்கிக்கொண்டு வந்து சபையில் இறக்கினார்கள். அத்தனைக்குப் பிறகும் மசோதா ஜெயிக்கவில்லை, எட்டாவது முறையாக விவாத முடிப்புத் தீர்மானம் தோற்றது.

ஆழ்கிணறு:

தூக்கிக்கொண்டு வந்தார்களா! சரி, கடைசியாக ஒரு சின்ன சந்தேகம்: காங்கிரஸில் அதிக காலம் இருந்தவர் ஜான் டிங்கெல் என்றும் ஓரிடத்தில் போட்டிருக்கிறது, பேர்ட் என்றும் போட்டிருக்கிறது.

மழைக்கணக்கு:

இரண்டும் சரி, பார்க்கும் வருஷம்தான் வேறு. இரண்டு சபையும் சேர்த்து பேர்ட் 57 வருஷம் சொச்சம். மிச்சிகனின் டிங்கெல் பிரதிநிதிகள் சபையிலேயே இருந்து 2013 ஜூனில் அதைத் தாண்டினார். செனட் மட்டும் என்றால் இன்னும் பேர்ட்தான். இப்போது இருப்பவர்களில் அயோவாவின் சக் கிராஸ்லி 1981 ஜனவரியிலிருந்து செனட்டில் இருக்கிறார், பேர்டைத் தாண்ட 2032 நடுப்பகுதிவரை இருக்க வேண்டும். அதற்கு 2028இல் இன்னொரு தேர்தல் ஜெயிக்க வேண்டும், அப்போது அவருக்கு வயது 95.